கல்பாத்திப் புழையைச் சீரமைக்க மனு எழுதும் முன் எதை அளக்க வேண்டும்?

கேட்டவர்: கல்பாத்தித் தெருவாசி

பாலக்காட்டுப் பழைய கல்பாத்தியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு கருத்து வேறுபாடு எழுந்துள்ளது. நீர்நிலைகளைப் பற்றி விவரம் அறிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் அதை உங்கள் முன் வைக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மலம்புழையிலிருந்து வரும் ஆறும், வாளையாற்றுப் பக்கமிருந்து வரும் கோரையாறும் சேர்ந்து கல்பாத்திப் புழையாகி, பாலக்காட்டு நகரின் வடபுறமாக ஓடி, பறளியில் கண்ணாடிப் புழையுடன் கலக்கின்றன. அதற்குப் பிறகுதான் அது பாரதப்புழை. விசுவநாத சுவாமி கோயிலின் படிகள் இறங்குவது இந்தப் புழையில்தான். 'காசியில் பாதி கல்பாத்தி' என்று எங்கள் ஊரார் பெருமை பேசுவதற்கும் ஆதாரம் இந்தப் படிகளே. 1955-இல் மலம்புழை அணையைக் காமராசர் திறந்து வைத்தபோது இவ்வூர் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அணைக்கு முன்பிருந்த வெள்ளத்தையும் பின்பு வந்த வறட்சியையும் ஒப்பிட்டுப் பேசும் முதியவர்கள் இன்றும் தெருவில் இருக்கிறார்கள்.

இப்போதைய நிலை என்னவென்றால், ஆண்டின் பல மாதங்களில் நீரைவிடக் கோரையும் ஆகாயத்தாமரையுமே கண்ணில் படுகின்றன. ஐப்பசித் தேருக்கு முன்பு கடவுகளை (படித்துறைகளை) சுத்தம் செய்கிறார்கள். தேர் நிலைக்கு வந்து சில வாரங்கள் கழிவதற்குள் அவை பழைய கோலத்துக்குத் திரும்பிவிடுகின்றன. இந்த முறை சங்கத்தின் சார்பில் ஒரு விரிவான மனு கொடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. ஆற்றை நெடுகத் தூர்வார வேண்டும், இரு கரையிலும் கான்கிரீட் மதில் எழுப்ப வேண்டும், மதிலை ஒட்டி விளக்குகளுடன் நடைபாதை அமைக்க வேண்டும் என்பவை அம்மனுவின் கோரிக்கைகள். கோயம்புத்தூரில் பொறியியல் படித்துவிட்டு வந்திருக்கும் ஓர் இளைஞர், ஆற்றை ஆராயாமல் இவற்றைக் கேட்பது கேடாக முடியும் என்று எதிர்க்கிறார். ஆய்வு என்ற சொல்லை எடுத்தாலே பத்தாண்டுகள் ஓடிவிடும் என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே நான் அறிய விரும்புவது இதுதான்: பெரிய செலவும் நிபுணர் குழுவும் இல்லாமல், எங்களைப் போன்றவர்கள் ஒரு நகர ஆற்றைப் பற்றி நம்பத்தகுந்த முறையில் எவற்றைத் தெரிந்துகொள்ள முடியும்? மதிலும் தூர்வாரலும் கேட்பது உண்மையிலேயே தவறா? கோடையில் இழை போல ஓடும் எங்கள் புழைக்குப் பொருந்தும்படியான அனுபவம் வேறு நகரங்களுக்கு உண்டா?


மறுமொழி: நொய்யல் கரையிலிருந்து

கோயம்புத்தூரில் நீர்வளப் பொறியியல் சார்ந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் சங்கத்துப் பெரியவர்களின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இளைஞர் கேட்கும் ஆய்வு பத்தாண்டு ஆய்வாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கோடைக்காலத்தில் நீங்களே நடந்து முடிக்கக்கூடிய ஆய்வு ஒன்று உண்டு. எந்த நிபுணர் குழு வந்தாலும் அவர்களும் முதலில் அதைத்தான் செய்வார்கள்.

மழையில்லாத நாள்களில் ஆற்றின் மேற்புறத்திலிருந்து கீழ்ப்புறம் வரை இரு கரையிலும் நடந்து, ஆற்றில் வந்து விழும் ஒவ்வொரு குழாயையும், ஓடையையும், 'தோடு' என்று உங்கள் பக்கம் சொல்லும் சிற்றாற்றையும் கைப்பேசி வரைபடத்தில் குறிப்பதுதான் அந்த ஆய்வு. மழைக்காலத்தில் எல்லா வாய்களிலும் நீர் வருவதால் எது மழைநீர், எது கழிவுநீர் என்று பிரித்தறிய முடியாது. ஒரு மாதமாக மழை இல்லாதபோதும் ஒரு வாயிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தால், அது ஊற்றாக இருக்க வேண்டும் அல்லது யாரோ ஒருவரின் அடுக்களை, குளியலறை, செப்டிக் டேங்க் ஆகியவற்றிலிருந்து வருவதாக இருக்க வேண்டும். நிறம், மணம், நுரை, வரும் நேரம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு மட்டும் பெருகி, பத்து மணிக்கு அடங்கும் வாயை வீடுகளோடு இணைத்துப் பார்க்கலாம். பிற்பகலில் வெந்நீரும் எண்ணெய்ப் பசையுமாக வருவது உணவகங்களைக் காட்டும். நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் பேனா போன்ற சிறிய கருவி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. ஆற்றில் சில நூறு மீட்டருக்கு ஒருமுறை அதை முக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தால், கண்ணுக்குத் தெரியாமல் புதருக்குள் கலக்கும் கழிவுநீர்கூட அளவு திடீரென்று ஏறும் இடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து ஓட்டத்தின் அளவு. கரைகள் ஓரளவு நேராக இருக்கும் இடத்தில் இருபது மீட்டர் நீளத்தை அளந்துகொண்டு, காய்ந்த தேங்காய் நெற்று ஒன்றை மிதக்கவிட்டு, அதைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். மேற்பரப்பு நீர் சற்று வேகமாக ஓடும் என்பதால் கிடைத்த வேகத்தை 0.85 ஆல் பெருக்கி, அதை நீரின் சராசரி அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். தோராயமான முறைதான். ஆனாலும் 'தண்ணீரே இல்லை' என்று மனுவில் எழுதுவதைவிட இந்த ஓர் எண் நூறு மடங்கு வலிமையானது.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். குளிக்கத்தக்க ஆற்று நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவுகோலின்படி, பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கரைந்துள்ள ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடையின் பி.ஓ.டி. 200 வாக்கில் இருக்கும். அப்படியானால் ஒரு குடம் சாக்கடையை இந்த அளவுக்குக் கொண்டுவர, சிறிதும் மாசற்ற நீரே கிடைத்தாலும் அறுபது எழுபது குடம் தேவைப்படுகிறது. மழைக்காலத்தில் புழை இதைத் தாங்கிக்கொள்கிறது. ஏப்ரலில் இழையாக ஓடும்போது அதற்கு வழியே இல்லை. ஆகாயத்தாமரை வளர்வதும் இதனால்தான். கழிவுநீரிலும் சலவைத்தூளிலும் உள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் தின்று அது பெருகுகிறது. ஏற்ற சூழலில் இரண்டு வாரத்திலேயே இரட்டிக்கக்கூடிய செடியை ஆண்டுக்கு ஒருமுறை அள்ளிப் போட்டுவிட்டு, அதன் உணவை நாள்தோறும் ஊற்றிக்கொண்டிருந்தால், தேர் முடிந்த சில வாரங்களில் பழைய கோலம் திரும்புவதில் வியப்பில்லை.

ஆக்சிஜனை அளக்க நேர்ந்தால் சூரிய உதயத்துக்கு முன்பு அளந்துவிடுங்கள். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுவதால், நண்பகலில் எடுத்த அளவு ஆற்றை உள்ளதைவிட ஆரோக்கியமாகக் காட்டும். இரவு முழுவதும் எல்லா உயிரும் சுவாசித்து முடித்த விடியற்காலையில்தான் மீன் சாகும். இதைவிட எளிய சான்று ஆற்றின் அடியில் இருக்கிறது. கூழாங்கல்லைப் புரட்டிப் பார்த்தால் ஒருநாள் பூச்சி எனப்படும் மேஃப்ளையின் இளம்புழுக்களும், மணலையும் இலைத்துணுக்கையும் கொண்டு கூடு கட்டும் புழுக்களும் தென்படுகின்றனவா, அல்லது சிவந்த புழுக்கள் மட்டுமே நெளிகின்றனவா என்று பாருங்கள். முன்னவை ஆக்சிஜன் நிறைந்த நீரைக் கேட்பவை. பின்னவை அது மிகக் குறைந்த சேற்றிலும் பிழைப்பவை. ஓர் ஆய்வகப் புட்டி அது நிரப்பப்பட்ட நிமிடத்தை மட்டுமே சொல்லும். பூச்சிகளோ கடந்த பல வாரங்களின் கதையைச் சொல்லும். பள்ளிப் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சாக்கடை வாய்களுக்கு அருகில் அவர்களை இறக்க வேண்டாம்.

தூர்வாருவதைப் பற்றியும் ஒரு சொல். பிளாஸ்டிக்கும் இடிபாடுகளும் கறுத்த சேறும் அகற்றப்பட வேண்டியவையே. ஆனால் 'ஆற்றை நெடுகத் தூர்வாருக' என்று பொதுவாக எழுதினால், சேற்றோடு மணலும் போய்விடும். பாரதப்புழை நெடுகிலும் மணல் அள்ளியதன் விளைவு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேரளம் 2001-இல் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அள்ளுவதை முறைப்படுத்துவதற்கும் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. ஆற்றுப்படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் உடன் தாழும். மனுவில் எந்த இடத்தில், எதை, எவ்வளவு ஆழத்துக்கு அகற்ற வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.


மறுமொழி: தாழ்ந்த கரைக்காரர்

மேலே எழுதியவரின் அறிவை மதிக்கிறேன். ஆயினும் பூச்சி எண்ணுவதும் தேங்காய் மிதக்கவிடுவதும் மேட்டில் வீடு உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று எங்கள் பகுதியில் சொல்வார்கள். 2018 ஆகஸ்டில் அணை திறந்து புழை பொங்கியபோது, எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் வந்தது. அரிசியும் போயிற்று, பிள்ளைகளின் சான்றிதழ்களும் போயின. அதன் பிறகு மழை வலுக்கும் ஒவ்வோர் இரவும் யாராவது ஒருவர் விழித்திருக்கிறோம். அக்ரகாரத்துக்கு நடைபாதை வேண்டுமா வேண்டாமா என்பது எனக்கு ஒரு பொருட்டல்ல. எங்களுக்கு மதில் வேண்டும். அது கூடாது என்பவர்கள், அதற்குப் பதிலாக எங்களைக் காக்கும் வழி எது என்று சொல்லிவிட்டு எதிர்க்கட்டும்.


மறுமொழி: அடையாற்றைப் பார்த்தவர்

தாழ்ந்த கரைக்காரர் எழுப்பிய கேள்விதான் இந்த உரையாடலிலேயே கடினமானது என்று நினைக்கிறேன். சென்னையில் கூவம், அடையாறு ஆகியவற்றின் சீரமைப்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவள் என்ற அளவில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

மதில் வெள்ளத்தைக் குறைப்பதில்லை. அது வெள்ளத்தை வேறோர் இடத்துக்கு அனுப்புகிறது. ஆறு பரவுவதற்கு இருந்த இடத்தை இரு பக்கமும் சுவர் வைத்து ஒடுக்கினால், அதே அளவு நீர் உயர்ந்தும் விரைந்தும் செல்ல வேண்டியிருக்கும். எதிர்க்கரையில் மதில் இல்லாதவரும், மதில் முடியும் இடத்துக்குக் கீழே இருப்பவரும் அதற்கு விலை கொடுப்பார்கள். பலரும் மறந்துவிடும் இன்னொன்றும் உண்டு. மதிலுக்குப் பின்னால் தெருவில் பெய்யும் மழை எங்கே போகும்? ஆறு உயர்ந்திருக்கும் வேளையில் வடிகால் வாய்கள் வழியாக ஆற்று நீரே தெருவுக்குள் ஏறும். அதைத் தடுக்க ஒருவழிக் கதவுகள் பொருத்தினால், தெருநீர் வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கும். இறைத்து வெளியேற்ற மோட்டார் வேண்டும். மின்சாரம் நின்றுபோகும் இரவில் அந்த மோட்டார் ஓட வேண்டும். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு அடையாற்றில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும், ஏரிக்குக் கீழே உள்ள பரப்பில் பெய்த பெருமழையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அந்த இரவைப் பார்த்தவர்கள், சுவரை நம்பி உறங்கலாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பகுதிக்கும் மேலே அணை ஒன்று இருக்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, மழைக்காலத்தில் அணையில் எவ்வளவு இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள், திறப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்பு, யார் மூலம், எந்த மொழியில் உங்களுக்கு அறிவிப்பு வருகிறது என்பதே. இரவு இரண்டு மணிக்கு வரும் அறிவிப்புக்கும் மாலை ஆறு மணிக்கு வருவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த மதிலும் ஈடுசெய்யாது.

மதிலே கூடாது என்பதல்ல என் வாதம். வீடுகள் விளிம்பில் நிற்கும், கரை அரிக்கப்படும் குறிப்பிட்ட வளைவுகளில் தாங்குசுவர் தேவைப்படலாம். மற்ற இடங்களில் கரையைச் சரிவாக வெட்டி, தென்னைநார்க் கயிற்றுப் பாய் விரித்து, அதில் வெட்டிவேரும் தாழையும் மூங்கிலும் நடும் முறை கேரளத்திலேயே தொழிலுறுதித் திட்டத்தின் (ஊரக வேலை உறுதித் திட்டத்தின்) கீழ் பல தோடுகளில் கையாளப்பட்டுள்ளது. நீர்மருதும் ஆற்றுவஞ்சியும் வேர்விட்ட கரையை எளிதில் வெள்ளம் பெயர்த்துவிடாது. சிங்கப்பூரில் பீஷான் பூங்காவை ஒட்டி நேர்கோடாக ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்தெடுத்து, வளைந்து நெளியும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012-இல் முடித்தார்கள். பதினேழு முதல் இருபத்து நான்கு மீட்டர் வரை அகலமிருந்த வாய்க்காலுக்கு, வெள்ளத்தின்போது நூறு மீட்டர் வரை விரிய இடம் கிடைத்தது. அதனால் அது கடத்தக்கூடிய நீரின் அளவு சுமார் நாற்பது விழுக்காடு கூடியது. ஆனால் அங்கே விரிய ஒரு பூங்கா இருந்தது. உங்கள் நகரில் அந்த இடம் எங்கே என்பதை நிலப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கரையோரத்தில் நகருக்கு மேற்பட்டும் கீழ்ப்பட்டும் எஞ்சியிருக்கும் வயல்கள் எவை, அவற்றில் நிரப்பப்பட்டவை எவை என்று பாருங்கள். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் மாநிலத்தில் இருக்கிறது. புழை பரவிக் கொள்ளும் வயலைக் காப்பது, தாழ்ந்த கரைக்காரரின் வீட்டைக் காக்கும் வழிகளில் மலிவானது.

நடைபாதைக் கனவுக்கு முன்மாதிரியாகப் பலரும் காட்டுவது சியோலின் சியோங்கேசியோனும் அகமதாபாத்தின் சபர்மதியும். முதலாவது, மேம்பாலச் சாலையை இடித்து 2005-இல் திறக்கப்பட்ட 5.8 கிலோமீட்டர் ஓடை. அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி, நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன், ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றப்படுவது. சபர்மதியில் நகரத்துக்குள் நிரம்பி நிற்பது நர்மதைக் கால்வாயின் நீர். வாசணைத் தடுப்பணைக்குக் கீழே சென்று பார்த்தால் அந்த ஆற்றின் நிலை வேறு. இவை அழகான இடங்கள் என்பதை மறுக்கவில்லை. வேறோர் ஆற்றின் நீரை வாங்கும் வசதி இல்லாத ஊருக்கு இவை வழிகாட்டி ஆகா என்று மட்டுமே சொல்கிறேன்.

இறுதியாக ஒன்று. சென்னையில் ஆற்றுச் சீரமைப்பு என்ற சொல் கரையோரக் குடிசைவாசிகளின் காதில் விழும்போது, அது மறுகுடியமர்வுப் பகுதிகளான பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்படுவது என்றே பொருள்படுகிறது. ஆற்றில் சேரும் சாக்கடையில் பெரும்பங்கு, குழாய் இணைப்பும் நாள் முழுதும் தண்ணீரும் உள்ள வீடுகளிலிருந்து வருகிறது. தண்ணீரே குறைவாகப் பயன்படுத்தும் குடிசைகளை அகற்றிவிட்டு ஆற்றைச் சுத்தம் செய்துவிட்டதாகக் கணக்கு எழுதுவது எளிது. உங்கள் மனுவைத் தாழ்ந்த கரையில் இருப்பவர்களுடன் உட்கார்ந்து எழுதுங்கள்.


மறுமொழி: ஆலப்புழை வாசகி

சாக்கடை வாய்களைக் குறித்த பிறகு என்ன செய்வது என்பதை யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆலப்புழையின் கால்வாய்களில் 2017 முதல் மும்பை ஐ.ஐ.டி.யும் கேரள உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமான கிலாவும் சேர்ந்து 'கனால்பி' என்ற பெயரில் நடத்திய பணியில், மாணவர்கள் வீடு வீடாகச் சென்று எந்த வீட்டின் கழிவு எந்த ஓடை வழியாக எந்தக் கால்வாயில் சேர்கிறது என்று வரைந்தார்கள். நகரம் முழுவதற்கும் பாதாளச் சாக்கடை வரும் வரை காத்திருக்காமல், ஓர் ஓடையின் கழிவை அந்த ஓடையின் முனையிலேயே சிறிய அளவில் சுத்திகரிப்பது அதன் நோக்கம். முதலில் கசடு படியும் தொட்டி, அடுத்து காற்றில்லாச் சூழலில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும் அறைகள், அதன் பிறகு சரளைக்கல்லில் நட்ட கல்வாழையும் சம்பும் என்ற வரிசையில் அமையும் இந்த ஏற்பாட்டுக்கு மின்சாரம் ஏறக்குறையத் தேவையில்லை. ஆனால் கசடை அள்ளவும் செடியை வெட்டவும் பொறுப்பான ஆள் தேவை. கட்டுவதற்குப் பணம் ஒதுக்கி, பராமரிப்புக்கு ஒதுக்காமல் விட்டால் ஈராண்டில் அது இன்னொரு கொசுக்குட்டை.

வீட்டளவில் பார்த்தால், பழைய அக்ரகாரத்து வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நீளமாக இருப்பவை. கிணறும் கழிப்பறையும் கொல்லையில் நெருங்கியிருக்கும். அடியில் கான்கிரீட் போடாத செப்டிக் தொட்டிகளும், கழிவு வெளிக்குழாயை நேராகத் தோட்டில் விட்ட தொட்டிகளும் எத்தனை என்று உங்கள் சங்கமே கணக்கெடுக்கலாம். தம் வீட்டுக் குழாயைப் பற்றிக் கேட்கும்போது முகம் சுளிக்காதவர் அரிது. ஆகவே பெயர் எழுதாமல், தெருவுக்கு இத்தனை என்ற அளவில் மட்டும் வெளியிடுங்கள்.

ஆட்கள் கிடைப்பார்களா என்று ஐயப்பட வேண்டாம். எங்கள் மாவட்டத்துக் குட்டம்பேரூர் ஆறு ஆகாயத்தாமரையும் கழிவும் அடைத்து ஓட்டமற்றுக் கிடந்தது. 2017-இல் புதனூர் ஊராட்சியின் தொழிலுறுதிப் பணியாளர்கள் நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கி அதை மீண்டும் ஓட வைத்தார்கள். ஹரித கேரளம் இயக்கத்தின் கீழும் தோடுகளை மீட்கும் பணிக்கு வழி இருக்கிறது. நகரப் பகுதியில் என்றால் உங்கள் வார்டு சபையில் முதலில் இதைப் பதிவு செய்யுங்கள். அங்கே பதிவாகாத கோரிக்கை ஆண்டுத் திட்டத்தில் ஏறுவது கடினம்.


கேட்டவர்: கல்பாத்தித் தெருவாசி

அனைவருக்கும் நன்றி. தாழ்ந்த கரைக்காரர் அவர்களுக்கு: நீங்கள் எந்தக் கரை என்பதைத் தனிச்செய்தியில் தெரிவித்தால், அடுத்த கூட்டத்தை உங்கள் பகுதியிலேயே வைத்துக்கொள்ளச் சங்கத் தலைவரிடம் பேசுகிறேன். மதில் என்ற ஒரே கோரிக்கையை மாற்றி, எந்த வளைவில் தாங்குசுவர், எங்கே சரிவான கரை என்று பிரித்து எழுதலாம் என்பதைப் பெரியவர்களும் ஏற்றுக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். அணையின் அறிவிப்பு பற்றிய கோரிக்கையை மனுவின் முதல் பத்தியாக வைக்க விரும்புகிறேன்.

நொய்யல் கரை நண்பரிடம் இன்னும் ஒரு கேள்வி. நடையைத் தேருக்கு முன்பே தொடங்கிவிடலாம் என்று சிலர் துடிக்கிறார்கள். எந்த மாதத்தில் செய்வது பொருத்தம்? கோடையில் அணையிலிருந்து கொஞ்சம் நீர் விடச் சொன்னாலே எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடுபவர்களுக்கு என்ன பதில் சொல்வது?


மறுமொழி: நொய்யல் கரையிலிருந்து

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதால் அப்போது எடுக்கும் கணக்கு உங்களை ஏமாற்றும். என் யோசனை இரண்டு முறை நடப்பது. முதல் நடை சனவரி இறுதியில்; இரண்டாவது ஏப்ரலில். காரணம் இதுதான். மலம்புழைக் கால்வாய்களில் இரண்டாம் போகத்துக்கு நீர் விடப்படும்போது, வயல்களில் பாய்ந்து வடியும் நீரில் ஒரு பகுதி தோடுகள் வழியாகப் புழைக்கே திரும்பி வரும். அந்தக் கசிவுநீர் ஆற்றை உயிரோடு வைத்திருப்பதாகத் தோன்றும்; நகரக் கழிவையும் ஓரளவு நீர்க்கச் செய்யும். கால்வாய் நின்று வயல்களும் காய்ந்த பிறகு ஏப்ரலில் புழையில் ஓடுவது எவ்வளவோ, அதில் பெரும்பங்கு நகரத்தின் பங்கு என்று கொள்ளலாம். இரண்டு நடைகளின் அளவுகளையும் அருகருகே வைத்தால், உங்கள் புழை அணையை நம்பியிருக்கிறதா, வயல்களை நம்பியிருக்கிறதா, சாக்கடையை நம்பியிருக்கிறதா என்பது புலப்படும்.

அணை நீரைக் கேட்பவர்களுக்கான பதிலும் அந்த எண்களிலேயே இருக்கிறது. அணையின் நீர் ஏற்கெனவே வயலுக்கும் நகரின் குடிநீருக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. ஏப்ரலில் அதைக் கேட்பது குடிநீரைக் கேட்பதற்குச் சமம். மேலே கணக்கிட்டபடி ஒரு குடம் சாக்கடைக்கு அறுபது குடம் நல்ல நீர் என்றால், தருவதற்கு மனம் இருந்தாலும் தர நீர் இருக்காது. ஆனால் ஆற்றுக்கென்று சிறிதளவு தொடர் ஓட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. கழிவுகளை மறித்த பிறகு அந்தச் சிறிய அளவே போதுமானதாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். செர்மனியின் எம்ஷர் ஆறு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் அமிழ்ந்துகொண்டிருந்ததால் அங்கே நிலத்தடிக் குழாய்கள் பதிக்க இயலாமல், அந்த ஆற்றையே நூறாண்டுக்கு மேல் திறந்த சாக்கடையாக்கி வைத்திருந்தார்கள். சுரங்கங்கள் வடக்கே நகர்ந்த பிறகு 1990-களின் தொடக்கத்தில் பணியைத் தொடங்கி, முதலில் 51 கிலோமீட்டர் நீளத்துக்குக் கழிவுநீருக்கென்று தனி நிலத்தடிக் குழாயைக் கட்டி, 2021 இறுதியில்தான் ஆற்றில் கழிவு விழுவதை முற்றாக நிறுத்தினார்கள். கழிவு நின்ற பகுதிகளில்தான் கான்கிரீட்டை உடைத்துக் கரைகளை இளக்கினார்கள். அந்த வரிசையை அவர்கள் மாற்றவில்லை.

அணையிலிருந்து எந்த நாளில் எவ்வளவு திறக்கப்பட்டது என்ற பதிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறுங்கள். 2018-க்கு முந்தைய சில ஆண்டுகளையும் பிந்தைய சில ஆண்டுகளையும் சேர்த்துக் கேட்டால், தாழ்ந்த கரைக்காரரின் கோரிக்கைக்கும் அதுவே சான்றாகும்.

ஆய்வகத்துக்கு மாதிரி எடுப்பதானால், நகருக்கு மேலே ஓரிடம், பெரிய தோடுகள் கலக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் சற்றுக் கீழே, பறளிக்கு முன்பு ஓரிடம் என்று எடுங்கள். கோயில் படித்துறையில் மட்டும் எடுத்துவிட்டு அதை ஆற்றின் தரம் என்று எழுத வேண்டாம். புட்டிகளை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிட வேண்டும். பி.ஓ.டி. பரிசோதனை நம் நாட்டு முறைப்படி 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது. வியாழக்கிழமை கொடுத்தால் மூன்று நாள் முடிவது ஞாயிற்றுக்கிழமையில் விழும் என்பதால் ஆய்வகத்தார் வாங்கத் தயங்குவார்கள். திங்கள் அல்லது செவ்வாயில் நடையை வைத்துக்கொள்ளுங்கள்.